வண்டியை உயர்த்திய மூன்று அங்குலம்

சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு வண்டி எவ்வளவு உயரமாக இருக்கலாம்? மூன்று மாதமாக இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். கணவரிடம் கேட்டேன், மெக்கானிக்கிடம் கேட்டேன், பள்ளியில் உடன் வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டேன். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஒவ்வொன்றும் கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. எனக்கென்று ஒரு பதில் மட்டும் இன்னும் வரவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நாங்கள் நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். நான் திருவாரூரில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். மகளுக்கு மூன்றரை வயது. அதே பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கிறாள். காலையில் என்னோடு வந்து மாலையில் என்னோடு திரும்புவாள். கணவருக்கு வேலை நன்னிலத்திலேயே. அவர் பைக்கில் போய்விடுவார், கார் என் கையில் இருக்கும்.

எங்கள் ஊரிலிருந்து பெரிய சாலைக்குப் போக இரண்டு வழிகள். ஒன்று ஆற்றின் குறுக்கே இருக்கும் தரைப்பாலம். கைப்பிடிச் சுவர் கிடையாது. ஆற்றில் தண்ணீர் கூடினால் பாலத்தின் மேலேயே ஓடும். இன்னொன்று, ஏழெட்டுக் கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போகிற தார்ச்சாலை. அந்தச் சுற்றுவழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பீர்கள். நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு மாலை மகளுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அப்போது எங்களிடம் இருந்தது ஒரு சின்னக் கார். கணவர் ஓட்டினார், நான் பின்சீட்டில் மகளை மடியில் வைத்திருந்தேன். பாலத்தின் மேல் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான் என்று நினைத்து இறங்கினோம். நடுப்பாலத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. சீட்டுக்கடியில் கழற்றி வைத்திருந்த மகளின் ஒற்றைச் செருப்பு என் காலருகே மிதந்து வந்தது. அந்தச் செருப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு நடப்பது என்னவென்று உறைத்தது. கணவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார், நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே கரையேறினேன். அக்கரையில் ஒருவர் எங்களை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மகள் மறுநாளே ஓடியாடத் தொடங்கிவிட்டாள். நான்தான் வாரக்கணக்கில் சமையலறைக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை அறுவடை முடிந்ததும் அந்தக் காரைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய ஜீப் வாங்கினோம். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ரகம். மலைப்பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருந்த வண்டி. வாங்குவதற்கு முன்பு நான் ஒரு நோட்டுப் போட்டு எழுதினேன். ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், பேட்டரி, பிரேக், அடியில் துரு, சீட் பெல்ட் என்று இருபத்திரண்டு வரி. ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து டிக் அடித்தேன். டயருக்கு நேரே 'பட்டன் நன்றாக இருக்கிறது' என்று எழுதி இரண்டு டிக் அடித்திருந்தேன். டயரின் மேல்புறத்தில் கட்டம் கட்டமாக இருக்கிற பள்ளங்களைத்தான் எங்கள் பக்கம் பட்டன் என்பார்கள். அது தேய்ந்தால் டயர் மொட்டை. இதில் தேயவே இல்லை, விரல் உள்ளே போகும் ஆழம் இருந்தது.

ஐந்து மாதம் அந்த வண்டியில் மகளை ஏற்றிக்கொண்டு திருவாரூர் போய் வந்தேன்.

ஆனிக் கடைசியில், மழைக்காலத்துக்கு முன்பு தயார் செய்துவிடலாம் என்று தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். புறநகரில் ஒரு பட்டறை. அதை நடத்துகிறவர் பல வருடம் வளைகுடாவில் பாலைவன வண்டிகளுக்கு வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

பாய் பேனட்டைத் திறக்கவே இல்லை. வண்டியின் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கிவிட்டுப் பார்த்தார். வண்டி மூன்று நான்கு தடவை மேலும் கீழும் ஆடி நின்றது.

"ஷாக் அப்சார்பர் செத்து ரொம்ப நாளாச்சு சார். நல்ல ஷாக்குன்னா அமுக்கி விட்டா ஒரு தடவ எந்திரிச்சு அப்படியே நிக்கணும். இது தொட்டில் மாதிரி ஆடுது."

"அதான் பாப்பா ஏறுன ஒடனே தூங்கிடுறா" என்றார் என் கணவர்.

"பாப்பா தூங்கலாம். ரோட்டுல டயரு தூங்கக் கூடாதுல்ல. ஆடிக்கிட்டே இருக்கிற சக்கரம் தரையப் புடிக்காது."

பிறகு முன்டயர் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழைய துணியால் பக்கவாட்டைத் துடைத்தார். செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மேடம் கணக்கு டீச்சர்னு சார் சொன்னாரு. இதக் கொஞ்சம் படிங்க."

நான்கு இலக்கம் இருந்தது. படித்தேன்.

"மொத ரெண்டு எந்த வாரம்னு சொல்றது. கடைசி ரெண்டு எந்த வருசம்னு. இப்ப கழிச்சுப் பாருங்க."

கழித்தேன். எங்கள் கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்பு செய்த டயர். மற்ற மூன்றையும் ஓடிப்போய்ப் பார்த்தேன். எல்லாம் ஒரே வருடம்.

"பட்டன் அப்படியே இருக்கே பாய்" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுவதுபோல் கேட்டது.

"எஸ்டேட்ல நின்னே கெடந்த வண்டிம்மா. ஓடாத டயருக்கு பட்டன் எப்படித் தேயும்? ரப்பருக்கு வயசாகும்ல." பள்ளத்துக்குள் விரலை விட்டு லேசாக விரித்துக் காட்டினார். உள்ளே வெயிலில் வெடித்த வயல்போல் கோடு கோடாக வெடிப்பு. "பாலிஷ் போட்டுப் பளபளன்னு வச்சிருந்தா யாருக்கும் தெரியாது. இதுல வேகமாப் போயிருந்தீங்கன்னா…" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீ சொல்லட்டுமா?" என்று முடித்தார்.

டீ வந்தது. குடித்தேனா என்று நினைவில்லை. இருபத்திரண்டு வரி எழுதியவள், டயரின் வயது அதன்மேலேயே எழுதியிருக்கும் என்று தெரியாமல் ஐந்து மாதம் ஓட்டியிருக்கிறேன். நோட்டு கைப்பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

புது டயர் எது என்பதில் கணவருக்குச் சந்தேகமே இல்லை. சேற்று டயர் வேண்டும் என்றார். கை அகலப் பட்டன் வைத்த முரட்டு டயர். செல்போனில் ஏற்கெனவே நிறையப் படங்கள் சேர்த்து வைத்திருந்தார்.

"சேத்துல எறங்குனா டிராக்டர் மாதிரி போகும் பாய்."

"சார் என்ன, இதுல நடவு போடப் போறீங்களா?"

"இல்ல பாய், மழைக்காலத்துல எங்க ஊர் வாய்க்கா கரையெல்லாம்…"

"அதத்தான் சொல்றேன். இந்த டயரு வாய்க்கா கரையக் கிழிச்சிரும். ஒங்க ஊர்க்காரங்க ஒங்களக் கிழிச்சிருவாங்க." பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். பாய் என் பக்கம் திரும்பி, "மேடம்தானே தெனம் ஓட்டுறது? எத்தன கிலோமீட்டர் தாரு, எத்தன கிலோமீட்டர் மண்ணு?" என்று கேட்டார்.

"மண் ஒரு கிலோமீட்டர் வரும். மத்ததெல்லாம் தார்."

"அப்ப சேத்து டயரு வேணாம். மழையில நனைஞ்ச தாருல பிரேக் புடிச்சா அது நிக்க நேரமாகும். சத்தமும் ஹெலிகாப்டர் மாதிரி வரும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, மண்ணும் போகும் தாரும் போகும். அதப் போடுங்க. வீட்டுல சண்ட வராது."

அது முடிவானது. உயரம் பற்றிய பேச்சு அடுத்து வந்தது. இங்கேதான் நான் ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் மாற்றும்போது கம்பெனி உயரமே போதும் என்றவர் என் கணவர். வண்டியைத் தூக்க வேண்டும் என்றவள் நான்.

நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். நீளமான ஸ்பிரிங் போட்டால் இரண்டு அங்குலம் உயரும். டயர் ஒரு அளவு பெரியதாகப் போட்டால், விட்டம் கூடுவதில் பாதி, ஓர் அங்குலம் உயரும். மொத்தம் மூன்று அங்குலம். அன்றைக்குக் காருக்குள் தண்ணீர் வந்தது அதே அளவுதான் என்று என் மனதில் ஒரு எண்ணம். அளந்தெல்லாம் பார்க்கவில்லை. மிதந்த செருப்பை வைத்து நானே முடிவு செய்துகொண்டது.

பாய் மறுக்கவில்லை. "இதே வண்டியோட பெரிய மாடலுக்குக் கம்பெனியே இந்த டயர்தான் போடுது, ஒண்ணும் ஆகாது. ஆனா வளைவுல மெதுவாத் திரும்பணும், ஒசந்த வண்டி சாயும். ஏறி எறங்க ஒங்களுக்குத்தான் செரமம்." நான் ஐந்து அடிக்கும் ஓர் அங்குலம் குறைவு. "இன்னொண்ணு, பாலத்து மேல தண்ணி ஓடிக்கிட்டிருந்தா இதுலயும் எறங்காதீங்க. வண்டி ஒசரமா இருக்குன்னு தண்ணிக்குத் தெரியாது."

சரி என்று தலையாட்டினேன். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதிக் கேட்டேன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் என்ன சொல்வார்கள் என்று விசாரித்தேன். பயப்படுகிறவள் செய்யக்கூடியது எல்லாம் செய்தேன் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் வண்டி தயாரானது. கதவைத் திறந்து ஏறக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் பேருந்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வயலுக்கு அப்பால் இருக்கிற வயலும் தெரிந்தது. வேகத்தடைகளில் வண்டி ஒரு தடவை எழுந்து அப்படியே நின்றது. தஞ்சாவூரிலிருந்து வீடுவரைக்கும் நானே ஓட்டினேன். போன ஐப்பசிக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் மாமியார் பூஜை போட வேண்டும் என்றார்.

"வாங்குனப்பவே போட்டாச்சே அத்தை" என்றேன்.

"அது பழைய சக்கரத்துக்குப் போட்டது. காலெல்லாம் மாத்திக் கூட்டியாந்திருக்கீங்க, புது வண்டி கணக்குதான். நாளான்னைக்கு ஆடி பொறக்குது. ஆடியில செய்ய மாட்டேன். இன்னைக்கே போட்டுருவோம்."

ஆடி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் எல்லாம் அவசரமாக நடந்தது. மகளுக்குப் பட்டுப் பாவாடை கட்டிவிட்டேன். வண்டியை வாசலில் தெருவைப் பார்த்து நிறுத்தினோம். மாமியார் பேனட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டினார். நான்கு டயருக்கும் முன்னால் ஒட்டினாற்போல் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி நகரும்போது அவை நசுங்க வேண்டும். எல்லா வீட்டிலும் செய்வதுதான், நீங்களும் செய்திருப்பீர்கள்.

"நீயே ஏறு. நீதானே தெனம் ஓட்டுற" என்றார் கணவர். அவர் என் பக்கம், வலது முன்டயருக்கு நேராகக் குனிந்து செல்போனில் வீடியோ எடுக்கத் தொடங்கினார். மாமியார் சூடத்தட்டோடு வண்டியின் பின்பக்கம் போனார். மகள் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். பார்த்தேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

உட்கார்ந்தேன். முன்னால் பார்த்தேன். மாலை போட்ட பேனட், அதற்கப்பால் தெரு, புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்த பக்கத்துத் தெரு அக்கா. எங்கள் வயலில் நடவுக்கு வருகிறவர். பூஜையைப் பார்க்க வண்டிக்கு இடதுபுறம் நின்றார். வேறு யாரும் இல்லை. கண்ணாடிகளைப் பார்த்தேன். முதல் கியர் போட்டேன். "மெதுவா விடு" என்றார் கணவர். கிளட்சை மெதுவாகத்தான் விட்டேன்.

வலதுபக்கம் பழம் நசுங்குகிற சத்தம் கேட்டது. அதே நொடியில் அந்த அக்கா தலையை ஒரு சாய்ப்புச் சாய்த்தார். புல்லுக்கட்டு முழுவதும் பேனட்மேல் விழுந்தது. கண்ணாடியெல்லாம் பச்சை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கால் தானாகப் பிரேக்கை மிதித்தது, இன்ஜின் உதறி நின்றது.

"நிறுத்துடி" என்று அந்த அக்கா கத்தியது அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது. "புள்ள அடியில உக்காந்திருக்கு."

நான் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி நகர்ந்துவிடும் என்று தோன்றியது. கணவர்தான் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அப்புறமும் என் வலது கால் பெடலை விட்டு வரவில்லை. அவர்தான் என் முழங்காலைப் பிடித்துத் தூக்கி எடுத்தார்.

மகள் இடது முன்டயருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் எலுமிச்சம்பழம் முழுசாக இருந்தது. அவள் அதை எடுத்துவிட்டாள். எடுத்த இடத்தில் டயர் வந்து நின்றிருந்தது. அவளுடைய பாவாடை விளிம்பு ஒரு சாண் அளவுக்கு டயருக்கடியில் இருந்தது. அதனால் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

"இது நசுங்கலம்மா" என்றாள் என்னைப் பார்த்து. பழத்தைக் காட்டினாள்.

வண்டியைப் பின்னுக்கு எடுத்தால்தான் பாவாடை வரும். திரும்ப ஸ்டார்ட் பண்ண யாருக்கும் மனசு வரவில்லை. கணவர் கியரை எடுத்துவிட்டு, அவரும் அந்த அக்காவும் சேர்ந்து முன்னாலிருந்து கையால் தள்ளினார்கள். மாமியார் மகளை அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி ஓர் அடி பின்னால் போனது. பாவாடையில் டயரின் பட்டன் அச்சு அப்படியே கறுப்பாக விழுந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் மகள் அழுதாள், பாவாடை அழுக்காகிவிட்டது என்று.

நான் அழவில்லை. அந்த அக்காதான் பேசினார்.

"ஏன் டீச்சர், கண்ணாடிக்குள்ள ஏறி உக்காந்துட்டா கீழ இருக்கிறது எதுவும் கண்ணுக்குத் தெரியாதா?"

"தெரியலக்கா" என்றேன். உண்மையில் அதுதான் பதில்.

"காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று மாமியார் கெஞ்சினார். "மாடு கத்தும்" என்று சொல்லிவிட்டு, அந்த அக்கா பேனட்டிலிருந்து புல்லை வழித்துக் கட்டிக்கொண்டு போனார். மாமியார் சூடத்தட்டைக் கீழே வைத்துவிட்டு மகளுக்கு மூன்று தடவை சுற்றிப் போட்டார். "கண்ணு பட்டது கழிஞ்சுடுச்சு, இனிமே ஒண்ணும் வராது" என்றார். மகள் முந்தானையை எப்போது விட்டாள் என்று அவருக்கும் தெரியவில்லை. அதை நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார், பல தடவை.

கணவர் எடுத்த வீடியோவில் மகள் எங்குமே இல்லை. வலது டயர் உருள்கிறது, பழம் நசுங்குகிறது, படம் பச்சையாகிறது. அவ்வளவுதான். வண்டிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றவருக்கும் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் நான் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் என்ன உயரமோ அந்த உயரத்துக்கு, ஒரு மணையின்மேல் நீலப் பிளாஸ்டிக் குடத்தை வைத்தோம். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். கணவர் குடத்தை வண்டியின் முன்னால் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நகர்த்தினார்.

"தெரியுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லங்க."

"வெளையாடுறியா? நல்லாப் பாரு."

அவர் தெருவுக்கே போய்விட்டார். அப்போதுதான் குடத்தின் வாய் தெரிந்தது. இறங்கி அளந்தேன். பம்பரிலிருந்து பதினோரு அடி. அந்தப் பதினோரு அடிக்குள் என் மகள் எங்கே உட்கார்ந்தாலும் எனக்குத் தெரியாது.

பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இறக்கக்கோணம் நடத்துகிறேன். கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து ஒருவர் படகைப் பார்க்கிறார் என்று பலகையில் கோடு போடுகிறேன். என் கண்ணிலிருந்து பேனட் விளிம்பைத் தொட்டு மண்ணுக்குப் போகிற கோட்டை ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று கணக்குப் போட்ட அதே நோட்டில் இரண்டு வரி போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

வண்டியை இறக்கிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். மறுபடி தஞ்சாவூர் போனோம். பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "பழைய ஒசர ஸ்பிரிங்கு இருக்கு. அரை நாள் வேல. ஆனா கழட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு பார்த்துருவோம்" என்று எழுந்தார். பட்டறையின் மூலையில் அதே மாதிரி ஜீப் ஒன்று நின்றது. தூக்காத வண்டி, கம்பெனி டயர்.

"இதுல ஏறுங்க."

ஏறினேன். பாய் ஒரு காலி ஆயில் டப்பாவைக் குடத்தின் உயரத்துக்குக் கட்டைமேல் வைத்து நகர்த்திக்கொண்டே போனார். தெரிகிறது என்று நான் சொன்ன இடத்தில் என் கணவர் டேப்பைப் பிடித்தார்.

பத்து அடி.

நான் நம்பவில்லை. இறங்கி நானே அளந்தேன். பத்து அடிதான். நான் தூக்கியதால் கூடியது ஓர் அடி மட்டும். மீதிப் பத்து அடி முன்பே இருந்தது. தையிலிருந்து ஆனி வரைக்கும், பழைய ஸ்பிரிங்கில், வெடித்த டயரில், தினமும் காலையில் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போனேனே, அப்போதும் இருந்தது. அவள் ஏறாமல் பாட்டியோடு நின்றுகொண்ட நாட்களிலும் நான் வண்டியை எடுத்தேன். எத்தனை தடவை அவள் அந்தப் பத்தடிக்குள் இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. பூஜையன்று வந்த நடுக்கத்தைவிட இது பெரிதாக இருந்தது. அன்றைக்காவது நடந்தது என்ன என்று தெரியும்.

"எனக்குப் பேரப் புள்ளைங்க அஞ்சு" என்றார் பாய். டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருசத்துல நான் ஒருநாளும் இப்புடி வச்சுப் பார்த்ததில்லம்மா." அவர் அன்றைக்கு ஸ்பிரிங்கைக் கழற்றவில்லை. "நல்லா யோசிச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

யோசித்துக்கொண்டே மூன்று மாதம் போய்விட்டது. இப்போது புரட்டாசி. இன்னும் சில வாரத்தில் அடைமழை தொடங்கிவிடும்.

கணவர் சொல்கிறார், உயரம் இப்படியே இருக்கட்டும், முன்னால் ஒரு கேமரா மாட்டிவிடலாம் என்று. எனக்கு அதில் ஒரு பயம். திரையைப் பார்த்துப் பழகிவிட்டால், சேறு தெறித்துக் கேமரா மூடிக்கொண்ட ஒரு நாளில் நான் சும்மா திரையை நம்பி எடுத்துவிடுவேனோ என்று. பள்ளியில் ஒரு ஆசிரியை, வண்டியையே விற்றுவிட்டு ஆட்டோவில் வா என்கிறார். மழை நாளில் எங்கள் ஊருக்கு ஆட்டோ வராது. உயரத்தை இறக்கினால் ஓர் அடி திரும்பக் கிடைக்கும், தண்ணீர் வரும்போது மூன்று அங்குலம் போகும். பாலத்தில் தண்ணீர் ஓடும் நாட்களில் சுற்றுவழியில் போனால் அந்த மூன்று அங்குலமே தேவையில்லை என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மூச்சு இரைக்கிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சுற்றிப் போவேனா, பாலத்தைத்தான் பார்ப்பேனா? அதற்கு நான் உறுதி சொல்ல முடியவில்லை.

வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். வண்டியை எடுக்கும் முன்பு நான் ஒரு தடவை சுற்றி வர வேண்டும். மகள் சீட்டில் பெல்ட்டோடு இருக்க வேண்டும், அல்லது மாமியார் கையைப் பிடித்தபடி என் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், வீட்டு வாசற்படியில் நிற்க வேண்டும். இரண்டும் இல்லாமல் சாவியைப் போடக் கூடாது. முதல் மாதம் ஒரு நாளும் தவறவில்லை. போன வாரம் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு தடவை சுற்றி வராமல் எடுத்துவிட்டேன். பாதி வழியில்தான் நினைவு வந்தது. மகள் பின்சீட்டில் பாடிக்கொண்டிருந்தாள், ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் வண்டியை ஓரம் நிறுத்திவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நடந்தும் மறக்கிறவள், இன்னும் இரண்டு வருடம் கழித்து எப்படி இருப்பேன்?

ஆகவே உங்களைக் கேட்கிறேன். நடக்கத் தெரிந்த குழந்தையும் உயரமான வண்டியும் ஒரே வாசலில் இருக்கிற வீடு உங்களுடையது என்றால், மழையில் முழுகுகிற சாலையும் உங்களுக்கு இருந்தால், எனக்கு எழுதுங்கள். உயரத்தை இறக்கினீர்களா, வைத்துக்கொண்டீர்களா? கேமரா மாட்டியவர்கள் அதை நம்பி இருக்கிறீர்களா? வண்டி எடுக்கும் முன் சுற்றி வருவது போன்ற ஒரு பழக்கத்தை, அவசரத்திலும் தூக்கக் கலக்கத்திலும் விட்டுப்போகாமல், வருடக்கணக்கில் எப்படிக் காப்பாற்றினீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் எனக்கு அதிகமாகப் பதில் வேண்டும். உங்கள் வீட்டில் தவறிப்போன நாட்களையும் மறைக்காமல் எழுதுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் எழுதினால், பட்டறைக்குப் போவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்ய உதவியாக இருக்கும்.